மஞ்சள் தேய்த்த கழுத்து

ஞாயிறு இரவு.

தங்கச்சி பெரிய மனுஷியானதற்கு இன்று தண்ணீர் ஊற்றினோம். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வட்டவளை அத்தை தான் கொண்டுவந்த சங்கிலியை அவளுக்குப் போட்டுவிட்டு, "கழுத்து என்னா பளபளன்னு இருக்கு!" என்றார். எனக்குச் சடங்கு செய்தபோது என் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. அவளை நறுக்கென்று கிள்ள வேண்டும்போல் வந்தது.

அடுத்து அத்தையின் கண் என்மேல் விழுந்தது. "ஒனக்கு ஏண்டி கழுத்தெல்லாம் இவ்வளவு அழுக்கு? தேச்சுக் குளிக்கிறதே இல்லையா?" மிஞ்சிய மஞ்சளைத் தேங்காய் நாரில் எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் என் பிடரியைத் தேய்த்தார்.

அது அழுக்கு இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வராதது, தாடையில் பருவும் மயிரும் வருவது, கழுத்து கறுப்பது எல்லாம் ஒரே ஹோர்மோன் கோளாறுதான், தேய்த்தால் போகாது என்று நுவரெலியா டாக்டர் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். இன்று வாயே திறக்கவில்லை. அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"அழுக்குன்னா நாளைக்கு மறந்துருவாங்க. நோய்னு தெரிஞ்சா ஒன்னைய யாரு கட்டுவாங்க?"

படுக்கும்போது தங்கச்சி அழுதாள். "அக்கா, இது மாசாமாசம் வருமா? வராமலே இருந்தா நல்லாருக்கும்."

"வரும். ஒனக்குத் தவறாம வரும்" என்றேன். சாபம் விடுவதுபோலத்தான் சொன்னேன்.

அவள் பயந்துபோய் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தூங்கிவிட்டாள். நார் தேய்த்த இடம் இன்னும் எரிகிறது.