வாசலில் கழற்றிய சப்பாத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

வட்டக்கச்சியில் நீங்களும் தங்கச்சி தேனுகாவும் சுகம்தானே? கண்ணுக்கு மருந்து நேரத்துக்கு விடுகிறீர்களா? ஸ்கொட்லாந்தில் நானும் சுகம்.

'டேக் ஓஃப்' என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று தேனுகா கேட்டிருந்தாள். விமானம் கிளம்புவது, சப்பாத்தைக் கழற்றுவது, லீவு எடுப்பது, கடை நன்றாக ஓடத் தொடங்குவது எல்லாம் அதுதான் என்று சொல்லுங்கள்.

"கண் ஒபரேசனுக்கு வருவியோ பிள்ளை?" என்று நீங்கள் போனில் கேட்டபோது கதையை மாற்றிவிட்டேன். மேலாளர் மார்கரெட்டிடம் லீவு கேட்கப் பயம்.

ஞாயிறன்று அவரே தேநீருக்கு அழைத்தார். இங்கு வந்த ஐந்து மாதத்தில் நான் போன முதல் வீடு. நம் வழக்கப்படி சப்பாத்தை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்தேன். திரும்பும்போது இரண்டிலும் பனி நிறைந்திருந்தது.

"உங்கட ஊரில கள்ளரே இல்லையோ?" என்று சிரித்தபடி மார்கரெட் அவற்றை ஹீட்டரில் காயவைத்தார். காயும்வரை இன்னும் ஒரு மணிநேரம் இருந்தேன். அப்போதுதான் உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கிழமை லீவு தந்துவிட்டார்.

ஒபரேசனுக்கு முதல்நாளே வந்துவிடுவேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கூட நிற்பவர் என்று பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்காவின் பெயர் இருந்தால், வெட்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது அம்மா.

உங்கள் மகள்
தர்சிகா