தோளுக்கு ஏறிய பழப்பை

இன்று காலை பிரசவ வார்டுக்குள் ஷேவிங் சோப்பு வாசம் வந்தது. டெட்டால், ஈரத்துணி, யாருக்கோ கொண்டுவந்திருந்த பூண்டுக் கஞ்சி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது முன்னால் வந்து நின்றது. எவனோ அப்பாவாகிவிட்டான் என்று நிமிராமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தால், முகத்தைப் புதிதாக மழித்து, தாடையில் சின்னதாக ஒரு வெட்டுக்காயத்தோடு, கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு ஒருவன் நிற்கிறான். யார் தெரியுமா? வெள்ளக்கடை ஊருக்கு மேலே ஒரு அம்மா உன்னை வாசற்படி ஏறவிடாமல் திருப்பித் திருப்பி அனுப்பினாளே, அவளுடைய கடைசி மகன். ஆமாம், அதே வீடுதான்.

உன்னைக் கூப்பிடலாம் என்று சட்டென்று திரும்பினேன். டியூட்டி ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் மெரூன் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அதை எடுத்து உள்ளே வைக்க எங்களில் ஒருத்திக்கும் கை வரவில்லை. "சனியனே, இன்னிக்குப் பாத்து இல்லாமப் போயிட்டியே" என்று அந்த ஸ்வெட்டரைத் திட்டினேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திட்டாமல் என்ன செய்வேன்? உன்மேல் எனக்கு எப்போதுமே பொறாமைதான். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்பார்கள். நல்லதையெல்லாம் உன் படத்திறப்பு அன்றைக்கே எல்லாரும் மாறி மாறிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது இதுதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் இந்த மலையிலேயே பிறந்தவள். என் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தாள். நீ சேலத்து டவுன்காரி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் நடுங்குவாய். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காமல் நீ மலையேறி நான் பார்த்ததில்லை. இவள் ஆறு மாதம் தாங்கமாட்டாள், மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

மாரமங்கலம் பஸ்ஸில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாம் போன அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸுக்குள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாய்.

"ஏண்டி, இந்த ஊர்ல பிளேடே கெடைக்காதா? பாதிப் பேரு தாடியோட உக்காந்திருக்கான்?"

"அட கிறுக்கி, ஊட்டுக்காரி முழுகாம இருந்தா ஆம்பளைங்க தாடி எடுக்க மாட்டாங்க. கொழந்த பொறந்தப்பறந்தான் எடுப்பாங்க. உங்கூர்ல இல்லியா?"

"எங்க தாத்தா காலத்துல இருந்துச்சாம்" என்றாய். அப்புறம் பெட்டியை என் மடிக்குத் தள்ளினாய். வாந்திதான் வருகிறது என்று நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். நீ எழுந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாடிக்காரராகக் கேட்க ஆரம்பித்தாய். "அண்ணா, ஊட்டுல அவங்களுக்கு எத்தனாவது மாசமுங்க?"

அந்த ஒரு பஸ்ஸிலேயே, நம்மிடம் பெயர் பதியாத கர்ப்பிணிகள் எத்தனை பேர் வெளியே வந்தார்கள்! பிள்ளை பெறும் நாள் வரைக்கும் ஒரு நர்ஸின் கண்ணில் படாமலே இருக்கக்கூடியவர்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தாடிகளைப் பார்த்தவள் நான். என் அப்பாவே என் தங்கை பிறக்கும் வரையில் தாடியோடுதான் திரிந்தார். நான் வாய் திறந்து சொன்னேன், நீ தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை, புள்ள.

அதற்கப்புறம் உன்னை யார் பிடிக்க முடிந்தது? கடைவீதி சலூன்காரரை அண்ணன் ஆக்கிக்கொண்டாய். மாதாமாதம் வருகிற ஆள் திடீரென்று முடி மட்டும் வெட்டிக்கொண்டு தாடியை எடுக்க வேண்டாம் என்றால், அன்று சாயங்காலமே உனக்குச் சேதி வந்துவிடும். கார்த்திகை மாதம் மாலை போட்டவர்கள் நடுவில் குழம்பிப்போய், கழுத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டாய். டாக்டரிடம் மல்லுக்கட்டி, தூரத்து ஊர்ப் பெண்கள் கடைசி மாதத்தில் முன்கூட்டியே வந்து தங்க ஒரு அறையை வாங்கினாய். வந்தவர்கள் இரண்டு நாளில் கிளம்பி ஓடினார்கள். ஆஸ்பத்திரிச் சோறு இறங்கவில்லை என்று கண்டுபிடித்து, கூடவந்த மாமியார்கள் களி கிண்டிக்கொள்ளப் பின்னால் ஒரு அடுப்பும் ஷெட்டும் போடவைத்தாய். நாங்களெல்லாம் ஊசிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தபோது, நீ அடுப்பைப் பற்றி யோசித்திருக்கிறாய்.

டாக்டர் இதற்கு ஒரு திட்டம் என்று பெயர் வைத்து, உன்னையே தலைமை ஏற்கச் சொன்னார். முதல் கூட்டத்திலேயே நீ அவரை மடக்கினாய். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, தலைவலி, பார்வை மங்கல் என்று வந்தால், டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று நர்ஸ் காத்திருக்கக்கூடாது. போனில் அவரிடம் கேட்டு, வலிப்பைத் தடுக்கும் முதல் ஊசியை நர்ஸே போட்டுவிட வேண்டும். இதுதான் நீ கேட்டது. "கீழ போறதுக்குள்ள எத்தன வளைவு இருக்குதுங்க சார்? வளைவுல வலிப்பு வந்தா வண்டிய நிறுத்திட்டு நாங்க யார்கிட்டப் போய்க் கேக்கறது?" டாக்டர் ஒத்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டு.

உன் தப்புகள்மேலும் எனக்குப் பொறாமை. சாதாரணச் சட்டையில் பஸ்ஸில் வந்த இளந்தாடிக்காரர் ஒருவரிடம், "உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு எத்தனாவது மாசமுங்க?" என்று கேட்டுவைத்தாய். அவர் எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார். எனக்கு மானமே போய்விட்டது. அவரோ அந்த ஞாயிறு பிரசங்கத்தில் அதைச் சொல்லி மொத்தக் கோயிலையும் சிரிக்கவைத்து, கர்ப்பிணிகள் எல்லாரும் போய் அந்த சிஸ்டரைப் பாருங்கள் என்று வேறு அனுப்பிவைத்தார். மறுநாள் ஓ.பி.யில் கூட்டம். நான் தப்புச் செய்தால் மெமோ வரும். நீ தப்புச் செய்தால் விளம்பரம் வரும்.

சென்னைக்குப் போய் மேடையில் பேசி, பொன்னாடையோடு வந்தாயே, அந்த நாள்தான் எல்லாவற்றிலும் மோசம். நான் ஒழுங்காகப் பொறாமைப்படவும் நீ விடவில்லை. நேராக டியூட்டி ரூமுக்கு வந்து அந்தப் பொன்னாடையை என் தோளில் போட்டாய்.

"நீ சொல்லித்தானடி எனக்குத் தெரியும். மேடையிலயும் அதத்தான் சொன்னேன். என் பிரெண்டு ஒருத்தி மலைக்காரின்னு."

"பேரச் சொன்னியா?"

"அய்யய்யோ, மறந்துட்டேன் புள்ள!"

பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பேரைச் சொல்லியிருந்தாய் என்று டாக்டர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. உன் பெருந்தன்மையை மட்டும் என்னால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

உனக்குத் திறக்காத கதவு ஒன்றே ஒன்று. அந்த வெள்ளக்கடை வீடு. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மூத்த மருமகளின் குழந்தை தங்காமல் போனதிலிருந்து அந்த அம்மா வெள்ளைச் சேலையைக் கண்டாலே கதவைச் சாத்தினாள். இரண்டாவது மருமகளுக்கு வீட்டிலேயே அவளே பிரசவம் பார்த்தாள். நீ மழையில் போனாய், பனியில் போனாய், ஒவ்வொரு முறையும் நாயிடம் குரைப்பு வாங்கிக்கொண்டு திரும்பினாய். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அப்பாடா, இவளுக்கும் முடியாதது ஒன்று இருக்கிறது.

புற்று முற்றி நீ சேலத்தில் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். மெலிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, அப்போதும் கடைசி மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாய்.

"அந்த ஊட்டுக்கு நான் போய்க்கறேன், நீ சும்மா கெட" என்றேன்.

"போடி, எனக்கே தொறக்காத கதவு உனக்குத் தொறக்குமா?"

"தொறக்கும். தொறந்தன்னிக்கு வந்து உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்."

நீ கையை நீட்டினாய். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பின் உன்னை உயிரோடு நான் பார்க்கவில்லை.

நீ போனதும் உன் நாற்காலியும் திட்டமும் என் தலையில் விழுந்தன. தாடி வித்தை செத்துவிட்டது, தெரியுமா? இப்போது மீசை முளைத்த பையன் எவனைப் பார்த்தாலும் தாடிதான். சினிமாக்காரன் மாதிரி எண்ணெய் தடவிச் சீவிக்கொள்கிறார்கள். நான் ஒருவனிடம் எத்தனாவது மாதம் என்று கேட்டு, "அக்கா, எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலீங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதே தப்பை நீ செய்திருந்தால் அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்து அதிலும் பேர் வாங்கியிருப்பாய்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தது. ஒரு நாள் பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளக்கடைக்கு முன்னால் ஒரு எஸ்டேட்டில் பெண்கள் வரிசையாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பழப்பை இடுப்பில் கட்டியிருந்தது. ஒருத்திக்கு மட்டும் தோளில் தொங்கியது.

என் அம்மா ஞாபகம் வந்தது. தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவும் பையை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வயிறு இறுகுமாம். நான் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டார். இறங்கி ஓடினேன்.

சின்னப் பெண். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "எத்தனாவது மாசம் கண்ணு?" என்றேன். என் வாயில் உன் கேள்வி. "ஆறுங்க. உங்ககிட்டச் சொன்னது அத்தைக்குத் தெரிஞ்சா வைவாங்க, சொல்லிப்போடாதீங்க சிஸ்டர்" என்றாள். எந்த வீடு என்று கேட்டேன். சொன்னாள். அதே வெள்ளக்கடை வீடு, கடைசி மருமகள். அந்தத் தோட்டத்திலேயே நின்று நான் சிரித்தேன். நீ இந்த மலையில் இருந்த அத்தனை பருவமும் அந்தப் பைகள் உன் கண் முன்னால்தான் தொங்கின. நீ பார்க்கவில்லை!

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்கு ஏறினேன். நாய் குரைத்தது. கிழவி வெளியே வந்து, எனக்குப் பின்னால் வழியை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் குண்டு சிஸ்டரு வர்லீங்களா?"

"அவங்க இல்லீங்கம்மா. எறந்துட்டாங்க."

அவள் அப்படியே அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த வாட்டி வந்தா உள்ள உடலாம்னுதான் இருந்தனுங்க. எத்தன நடை நடந்துச்சு அந்தப் புள்ள. நான் ஒரு வாய் தண்ணி குடுக்கலியே" என்றாள். பிறகு எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

உனக்கு வைத்திருந்த தண்ணீரை நான் குடித்தேன். செத்த பிறகும் வந்து என்னை முந்திக்கொண்டாயே, அடிப்பாவி! இறங்கி வரும் வழியெல்லாம் அழுதேன். துக்கமா, பொறாமையா என்று கேட்காதே. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் கடைசி மாதத்தில் நம் அறைக்கு வந்து தங்கினாள். கிழவி உன் அடுப்பில் களி கிண்டினாள். போன வாரம் ஒரு முற்பகல் அந்தச் சின்னப் பெண், "தல வலிக்குதுங்க சிஸ்டர், சன்னலு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். ரத்த அழுத்தம் மேலே போய்விட்டிருந்தது. டாக்டர் கீழே கூட்டத்தில் இருந்தார். போன் போட்டேன், சொன்னார், நானே ஊசியைப் போட்டேன். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக இறங்கினேன். வலிப்பு வரவில்லை. சேலத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்குத்தான் இன்று காலை அவன் வந்தான். அவனும் ஸ்டைலுக்குத் தாடி வைத்திருந்தவன்தான். "எங்கம்மா உடலீங்க சிஸ்டர். கொழந்த பொறந்தா எடுத்தே ஆகோணுமாம்" என்று வழித்த கன்னத்தைக் கூச்சத்தோடு தடவிக்கொண்டான். கிழவி உனக்கென்று ஒரு ஜாங்கிரியைத் தனியாக இலையில் மடித்துக் கொடுத்துவிட்டிருக்கிறாள். கேட்டாயா, உனக்கு! அதையும் நானே தின்றேன்.

கேள்வி உன்னுடையது. அறை, அடுப்பு, ஊசி எல்லாமே உன்னுடையவை. கதவும் உனக்காகத்தான் திறந்தது, வைத்துக்கொள். ஆனால் தோளுக்கு ஏறிய பழப்பை என்னுடையது. பஸ்ஸில் வரும்போது அந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாக அதைத்தான் காட்டுகிறேன், உன் பேரைச் சொல்லாமல். உன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வருவதாகச் சத்தியம் செய்திருந்தேன். ஸ்வெட்டரைத்தான் பார்க்க முடிந்தது. எங்கே இருந்தாலும் கொஞ்சம் வயிறெரிந்து தொலை, புள்ள. இத்தனை வருஷமாக நான் பட்டேன். இன்று ஒரு நாளாவது உன் முறை.