சர்க்கரை சரியாகத்தான் இருந்தது

என் பிரியமுள்ள அத்தைக்கு,

உங்களுக்கு இருந்த சர்க்கரை வியாதி உங்கள் மகனுக்கும் வந்துவிட்டது. "அம்மா மாதிரி நான் போகமாட்டேன்" என்று முருகன் சோறு, இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். முட்டை, பனீர், வெண்ணெய், அவ்வளவுதான் சாப்பாடு. கூடவே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியே தள்ளும் மாத்திரை. நீங்கள் போட்டுக்கொண்டிருந்த அதே வகைதான். சாப்பாட்டை மாற்றியதை மட்டும் டாக்டரிடம் அவர் சொல்லவில்லை.

தினமும் காலையில் சிறுநீரில், கொழுப்பு எரிந்தால் வரும் கீட்டோனைக் காட்டும் பட்டையை நனைத்துப் பார்ப்பார். அது ஊதாவாகிவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. "ஏளா, கீட்டோசிஸ் வந்துட்டு பாத்தியா? உடம்பு கொழுப்ப எரிக்கி."

போன மாதம் ஒரு சனிக்கிழமை வாந்தி ஆரம்பித்தது. மதியத்துக்குள் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தெலுங்கு ஊரில், கொண்டாப்பூரில் எங்கள் தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். "சுகர் நார்மல். டயட்டில் இருக்கிறதால சிறுநீர்ல கீட்டோன் வரத்தான் செய்யும். கேஸ் ட்ரபிள்தான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தார். அப்போதுதான் அந்த மூச்சைக் கேட்டேன், அத்தை. மாடிப்படி ஏறி ஓடிவந்தவர் மாதிரி வேகமாக, ஆழமாக. சும்மா படுத்திருப்பவருக்கு எதற்கு அப்படி மூச்சு வாங்க வேண்டும்?

நீங்களும் அப்படித்தான் மூச்சு வாங்கினீர்கள். சஷ்டி விரதம் இருந்தீர்கள், மாத்திரையை மட்டும் விடவில்லை. உங்களுக்கும் 'சுகர் நார்மல், கேஸ்' என்றுதான் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ரத்தம் அமிலமாகிவிட்டது. "சர்க்கரை ஏறாமலேயே இப்படி ஆகலாம்மா. ரத்தத்தில் கீட்டோனைப் பார்த்திருக்கணும்" என்று அந்த டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. முருகன் அப்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இப்பதானளா டாக்டர் பாத்தாரு? சுகரு நல்லாத்தான இருக்கு."

"அத்தைக்கும் நல்லாத்தான் இருந்துது."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்பாகு ஏமைந்தம்மா?" என்று உங்கள் பேத்தி பூரணி தெலுங்கில் கேட்டாள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டில் அவளை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரும் பட்டையைப் பார்த்துவிட்டு, "டயட் கீட்டோசிஸ்தான், பயப்படாதீங்க" என்றாள். என் அரைகுறை இந்தியில் கத்தினேன். இவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார், இவர் அம்மா இப்படித்தான் செத்தார், ரத்தத்தில் கீட்டோன் பாருங்கள், அமிலம் ஏறியிருக்கிறதா பாருங்கள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? இருக்கட்டும் என்று நின்றேன். அவள் அவர் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு மணிக்கட்டில் ரத்தம் எடுத்தாள்.

ரிசல்ட் வந்ததும் அவள் ஓடி வந்தாள். "ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கு. கடைசியா எப்போ அந்த மாத்திரை போட்டார்?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கையில் இன்சுலின், இன்னொரு கையில் குளுக்கோஸ். "குளுக்கோஸ் வேண்டாம்னு சொல்லுளா" என்று முனகினார் உங்கள் மகன். "இன்சுலினை விடாமல் கொடுத்தால்தான் அமிலம் இறங்கும். சர்க்கரை ரொம்பக் கீழே போகாம இருக்கத்தான் இது" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது உங்களைத்தான் கூப்பிட்டேன், அத்தை. கேட்டதா?

மறுநாள் மூச்சு மெல்ல அடங்கியது. "பசிக்கி" என்றார். அழுகையை அடக்க நான் வராந்தாவுக்கு ஓடினேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார், சாப்பாடும் அவர் சொன்னபடிதான். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார்: "அம்மைக்கும் இதானா? காப்பாத்திருக்கலாமா?"

முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். இரண்டாவதுக்கு அவர் தட்டில் இன்னொரு கரண்டி காய் வைத்தேன். நீங்களாக இருந்தால் உங்கள் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நம் வீட்டில் இனி யார் படுத்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் நான் ஆஸ்பத்திரியை விட்டு எழுந்து வரமாட்டேன். சண்டைக்காரி என்று பேர் வந்தாலும் வரட்டும்.

உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் மருமகள் மாலதி