பஸ் நிற்கும் இடத்தின் பெயர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மாலத்தீவில் நீங்கள் பள்ளிவாசல் கட்டும் அந்தச் சின்னத் தீவுக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னீர்கள். முதன்முதலில் கிணறு தோண்டி நல்ல தண்ணீர் கண்ட பெண்ணின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்களாம். கேட்க நன்றாக இருந்தது. எப்போது வருவீர்கள் என்பதை மட்டும் இந்த முறையும் சொல்லவில்லை. டீக்கடையை மூடிவிட்டு அம்மா வீட்டுக்குப் போ என்று சொல்ல மறக்கவில்லை.

போகமாட்டேன்.

நம் கடை இருக்கும் உப்பளத்து நடுவே குடிக்கத் தண்ணீர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் பெருமுக்கல் ஊரிலிருந்து பஸ்ஸில் கேனில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறேன். உப்பு வாருகிறவர்கள் டீ வாங்காவிட்டாலும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்குகிறார்கள்.

முன்பு பஸ்ஸில் "மாலத்தீவுக்காரன் பொண்டாட்டி கடை" என்பார்கள். நேற்று நான் கேனோடு வரும்போது கண்டக்டர் கத்தினார்: "அஞ்சலாட்சி கடை எறங்கறவங்க முன்னால வாங்க!" பாதி பஸ் எழுந்து வந்தது.

நீங்கள் வரும்போது உங்கள் பெயரைச் சொன்னால் யாருக்கும் இடம் தெரியாது. என் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குங்கள்.

இப்படிக்கு,
கடையில் இருப்பவள்