நயினார் எடுத்த மீன் குத்தகை

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கோயில் குளத்தை இந்த வாரம் தூர் வாருகிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் அந்த வாடை வந்து முகத்தில் அடித்தது. வெயிலில் காயும் சேறும் அதில் சிக்கிச் செத்த மீனும் சேர்ந்த வாடை. மருமகள் ஊதுபத்தி ஏற்றிவைத்தாள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை உன்னோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சமணக் குடும்பத்தில் பிறந்து, வெங்காயம்கூடத் தொடாமல் வாழ்ந்துபோனவனை மீன் வாடையில் நினைத்துக்கொள்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு எதற்காவது என்றால் இதைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்திருப்பேன். இந்த விஷயத்தில் நீ சிரிக்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருந்த புது வக்கீல். காஞ்சிபுரத்தில் பட்டு நூல் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் நூல் கடைக்கு வழி தெரியாமல் வந்தவர்கள். நீ வாலாஜாபாத் பக்கம் உன் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊரே உன்னை நயினார் என்று மரியாதையாகக் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த உரிமையில் நான் அப்படிக் கூப்பிட்டால் மட்டும் முறைப்பாய்.

அந்த வருஷம் ஆனியில்தான் உன் மகள் காய்ச்சலில் போனாள். உங்கள் ஊர் ஏரியின் மதகுப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுவதுதான் அந்தக் குழந்தைக்கு விளையாட்டு. வலை போடுகிற நாட்களில் அவள் கண்ணில் படாமல் இருக்க நீ வேறு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போவாய். ஒருநாள் எப்படியோ பார்த்துவிட்டாள். அன்று அவள் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டதை நீ எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் என் அறைக்கு வந்தாய். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஏரியில கீற மீனு யாருதுபா?" என்று கேட்டாய்.

கட்சிக்காரர்களே வராத வக்கீலிடம் ஒருவன் சட்டம் கேட்டால் விடுவானா? நானும் கறுப்புக் கோட்டு மாட்டாத குறையாக ஆரம்பித்தேன். "யாருதும் இல்ல. காட்டு மிருகம், பறவை, ஏரி மீனு எல்லாமே அப்டித்தான். புடிக்கிற வரைக்கும் யாருக்கும் சொந்தம் இல்ல. புடிச்சவன் கையில இருக்குற வரைக்கும் அவனுது. தப்பிச்சிப் போச்சின்னா மறுபடியும் யாருதும் இல்ல."

"அப்ப பஞ்சாயத்துல எதை ஏலம் வுடறாங்க?"

"மீனை இல்ல. புடிக்கிற உரிமைய. ஏலம் எடுத்தவன் புடிக்கலாம். மத்தவங்க புடிக்கக் கூடாதுன்னு தடுக்கலாம். அவ்ளோதான்."

"தடுக்கலாம் இல்ல?" என்றாய். "அது போதும்பா. ஒரு வருசம் அவ பேரால அந்தத் தண்ணியில ஒரு உயிரும் சாவக் கூடாது."

ஆடியில் ஏலம் வந்தது. உன் வாயிலிருந்து ஏலத் தொகை விழுந்ததும் பஞ்சாயத்து ஆபீசே திரும்பிப் பார்த்தது. உங்கள் ஆட்கள் உயிரைக் கொன்று விற்கிற தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள். அந்தக் குடும்பத்து ஆள் மீன் குத்தகை எடுத்தான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? உங்கள் கோயிலில் உன்னோடு பேசுவதைப் பாதிப்பேர் நிறுத்திக்கொண்டார்கள். மீன் பிடிக்கிறதற்காக எடுக்கவில்லை என்று நீ ஒருவரிடமும் விளக்கவில்லை. மகளின் பெயரைத் தெருவில் இழுக்க உனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏரியை நம்பி இருந்தவை சில வீடுகள்தான். அவர்களுக்குப் பெரிய மனுஷி காசியம்மா. வலை பின்னுவதிலிருந்து வாலாஜாபாத் சந்தையில் விற்பதுவரை அவள் சொன்னதுதான் கணக்கு. அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று நீ உன் களத்திலிருந்து நெல் அனுப்பினாய். அவள் வாங்கிக்கொண்டு வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியதை நீயே எனக்குச் சொல்லிச் சிரித்தாய். "நெல்லு குடுத்தாரு, சரி. கொழம்புக்கு நயினாரு இன்னா பண்ணப் போறாரு, கேட்டுக்கினு வா." உன் மகள் போனபிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. மற்ற வருஷங்களில் தை, மாசியிலேயே பெரும்பாலான மீனைப் பிடித்துவிடுவார்கள். அந்த வருஷம் ஒருவரும் வலையோடு இறங்காததால் அத்தனையும் உள்ளேயே வளர்ந்தன. தண்ணீர் வற்ற வற்ற மதகை ஒட்டிய பள்ளத்தில் வந்து நெருக்கிக்கொண்டன. கொக்கும் நாரையும் பருந்தும் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கின. உன் குத்தகை அவற்றைக் கட்டுப்படுத்தாது. பங்குனி பிறப்பதற்குள் பள்ளத்து ஓரத்தில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக வயிறு காட்டத் தொடங்கின. வாடை ஊருக்குள் வந்தது.

நீ ஆளனுப்பியதும் முதல் பஸ்ஸில் வந்தேன். கரைமேல் காசியம்மாவும் அவள் ஆட்களும் கூடைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. உன்னைப் பார்த்ததும் அவள் முன்னால் வந்தாள்.

"நயினாரே, எப்டி இருந்தாலும் சாவப்போவுது. அழுவி நாறுறதுக்கு நாலு புள்ளைங்க வயித்துக்காவது போவட்டும். நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொல்லாம நாங்க எறங்க மாட்டோம்."

உன்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "குத்தகைய வுட்டுட்டேன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டு ஊட்டுக்குப் போ. அப்பறம் அது உன் ஏரி இல்ல. அவங்க புடிச்சா அவங்க பாடு."

"அது கோர்ட்டுக்கு சரிபா," என்றாய். "அவளுக்கு நான் இன்னா சொல்றது?"

இறந்த குழந்தையைத்தான் சொன்னாய்.

அடுத்த பெரிய ஏரியான தென்னேரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கிளம்பினாய். உன் கல்யாணத்துக்குச் சீராக வந்த செப்பு அண்டாக்களை மாட்டு வண்டியில் ஏற்றினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயே சேற்றில் இறங்கினாய். மீனைத் தொட்டுப் பழக்கமில்லாத கை. விரால் வழுக்கிக்கொண்டு போனது, கெளுத்தி முள் உள்ளங்கையைக் கிழித்தது. எப்படிப் பிடிப்பது என்று கரையிலிருந்தே ஆளாளுக்குச் சொன்னார்கள். வலையை இரவல் கொடுக்கட்டுமா என்று காசியம்மா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வேட்டித் துணியிலேயே வாரிப் போட்டாய்.

வெயில் ஏறிவிட்டது. மாடு நடக்கிற வேகம்தான் வண்டியின் வேகம். ஈரச் சாக்கைப் போட்டு மூடியும் அண்டாத் தண்ணீர் கதகதவென்று ஆனது. முதலில் உள்ளே துள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பாதி வழிக்குமேல் அது குறைந்தது. நீ சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

தென்னேரிக் கரையில் அண்டாவைச் சாய்த்தோம். சில மட்டும் வாலை அசைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போயின. மற்றவை அப்படியே மிதந்தன. நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"புடிக்கிற வரைக்கும் யாருதும் இல்லன்னு சொன்னியே. அண்டாவுல போட்டப்பறம் இது யாருது?"

பொய் சொல்லியிருக்கலாம். உன்னிடம் எனக்குப் பொய் வராது. "உன்னுதுதான்," என்றேன்.

"செத்ததும்?"

"அதுவும்தான்."

ஊர் திரும்பியதும் மறுநடைக்கு அண்டாக்களை நிரப்பச் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. காசியம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். நீ வண்டியிலிருந்து இறங்கி அவளிடம் நேராகப் போனாய்.

"எறங்குங்கம்மா," என்றாய். "எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கடைசிக் கூடை ஏறும்வரை மதகுப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமல் பார்த்தாய். நான் உன் பக்கத்தில் இருந்தேன். இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அன்று தொடங்கி நீ ஒருவேளைச் சாப்பாட்டுக்காரன் ஆனாய். யாரும் விதித்ததில்லை, நீயாக விதித்துக்கொண்டது. கோயிலில் உன்னோடு பழையபடி பேச ஆரம்பித்தார்கள். மறுவருஷம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. காசியம்மாவின் ஆட்களே குத்தகை எடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது, உன்னைத் தவிர. கல்யாணப் பந்திகளில் நீ மோர்கூட வேண்டாம் என்று டம்ளரைக் கவிழ்த்துவைக்கும்போதெல்லாம் எனக்கு இலை கசந்தது. நான் கையெழுத்துப் போட்டு முடித்துவைத்த வழக்குகள் எத்தனையோ உண்டு. உன் வழக்கை நீ முடிக்கவே விடவில்லை.

அந்தப் பங்குனியிலேயே காசியம்மா என் அறைக்கு வந்திருந்தாள். படி இருட்டில் சட்டென்று அடையாளம் தெரியாமல், நூல் கடைக்கு வந்தவள் என்று நினைத்துக் கீழே கைகாட்டினேன். உனக்கு ஒரு சேதி சொல்லவேண்டும், நேரில் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமே உன் வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தேன். "காசியம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றதுமே நீ கையை உயர்த்திவிட்டாய்.

"வேணாம்பா. நன்றின்னு சொல்லியிருப்பாங்க. அத நான் எந்தக் காதால கேக்கறது?"

பிறகும் எத்தனையோ முறை முயன்றேன். உங்கள் வீட்டுக் கூடத்தில், கோர்ட் வாசலில், நாம் கிழவர்களாகி ஒரே டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்த பெஞ்சில். அவள் பெயர் வந்தாலே உன் கை உயர்ந்துவிடும். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கையை உயர்த்த உனக்குத் தெம்பு இல்லை. அந்த நேரம் பார்த்துச் சொல்வது உன்னை ஏமாற்றுவது போலிருந்தது. போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அது நன்றி இல்லை, நண்பா. நீ ஒருமுறை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷமாக வைத்திருந்ததில் எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"நயினாரு சாப்புடறதே இல்லையாமே. அன்னிக்கு அவரு வார்த்ததான் குடுத்தாரு, துன்னது நாங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா அதுல எங்களுக்கும் பங்கு இருக்குது. மொத்தத்தையும் அவரே தூக்கினு நடக்க வேணாம், எங்க பங்க எங்ககிட்ட குடுத்துடச் சொல்லுங்க சாரு."