ஆண்கள் வார்டில் நகம் வெட்டும் வேலை

ராயபுரம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள், அதனால் எழுதுகிறேன். சபைக் கமிட்டித் தேர்தலில் இந்த முறையும் தோற்றுவிட்டேன். செயலாளர் ஆனது பாஸ்கல்தான். எப்படித் தோற்றேன் என்பதை ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், நீ என்னிடமே கேட்டுக்கொள்.

சனிக்கிழமைதோறும் நம் சபையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போவார்களே, நாலு பேர் கண்ணில் பட்டால் ஓட்டு விழும் என்ற கணக்கில் நானும் சேர்ந்துகொண்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆண்கள் வார்டில் கத்திவாக்கத்து மீனவர் ரகுபதி, படகில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். வீட்டில் எழுதிப் பழகிய ஜெபத்தை நான் கண்ணை மூடித் தொடங்கினேன், அவர் என் கையைத் தட்டி, “நைனா, ஜெபம் அப்பால பண்ணிக்கலாம், மொதல்ல இந்தக் கால் நெகத்த வெட்டிவுடு, போர்வைல மாட்டிக்கினு ஒரே பேஜாரா கீது” என்றார். அவர் மனைவி மங்கை உடனே நகவெட்டியை நீட்டிவிட்டாள், அவளுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். நம் கடையில் கப்பல் கயிறு வெட்டிய கைதானே என்று உட்கார்ந்தேன். நர்ஸ் சௌமியா வந்து, “நெகம் மட்டும் வெட்டுங்க அங்கிள், வெரல வெட்டிறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நிமிர்ந்து பார்த்தால் அடுத்தடுத்த கட்டிலில் எல்லாம் போர்வைக்கு வெளியே கால் நீட்டியிருக்கிறது. அதிலிருந்து எனக்கு இதே வேலை, ஜெபம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வீட்டில் பிரியாணி போட்டு ஓட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தேன். ஆனால் திங்கட்கிழமை ரகுபதிக்கு ஆபரேஷன், “வேற யாராண்டயும் கால குடுக்க மாட்டேன், சனிக்கெழம வந்துடு” என்று முன்னமே வாக்கு வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன். அந்த மனுஷன் ஆபரேஷன் பயத்தில் கால்விரலை மடக்கி மடக்கிக்கொள்கிறார், ஒரு விரல் முடிக்கவே நேரம் பிடித்தது, விட்டு வர மனசில்லை. நான் வீடு சேர்ந்தபோது அம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் என் பிரியாணியைத் தின்று, கூப்பிட்டுவிட்டு ஆளைக் காணோம் என்று திட்டிக்கொண்டே போய், மறுநாள் பாஸ்கலுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. துக்கமெல்லாம் இல்லை, அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

நேற்று பாஸ்கல் ஒரு பை ஆரஞ்சுப் பழமும், போட்டோ எடுக்க ஒரு ஆளுமாக வார்டுக்கு வந்தான். ரகுபதி ஆபரேஷன் நல்லபடி முடிந்து உட்கார்ந்திருந்தார். பாஸ்கல் அவரிடம் என்னைக் காட்டி, “எங்க சபை ஏசாயா அண்ணனைத் தெரியும்ல?” என்று கேட்டான். “ஏசாயாவா, அது யாரு? இது நம்ம நெகம் நைனா” என்றார் அவர். பாஸ்கல் சிரித்த சிரிப்புக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. கடைப் பலகையில் ஆள் உயரத்துக்குப் பெயர் எழுதி வைத்தவன் நான், கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை பெனிட்டா. போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், கை வேலையாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு, மாப்பிள்ளையைக் காரை மெதுவாக ஓட்டச் சொல். வரும்போது நல்ல கெட்டியான நகவெட்டி இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது கடலில் ஊறிய நகத்துக்கு வளைந்துபோகிறது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. செய்கிற ஊழியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஆயர் சொன்னார், ஆகவே இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் நானே சொல்லிவிட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
கயிற்றுக்கடை ஏசாயா