அலமாரியில் இருக்கும் அறுபத்து நான்கு பேர்

பெரியவனுக்கு,

இங்கே நான் சௌக்கியம், சின்னவளும் மாப்பிள்ளையும் சௌக்கியம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். சின்னவளுக்கு வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள், இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது, முணுமுணுத்துக்கொண்டே போய் வருகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. பிளம்பர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு நாலாம் நாள் வந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று மருமகள் கேட்பாள். காரணம் உனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நீ திடீரென்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி, தொண்டை கிழியப் பேசினாய். லைன் சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் அதே மாதிரி, கட்சிக் கூட்டத்தில் மைக் பிடித்தவன் மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இப்போது இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதும் பாதிதான் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை, சின்னவளிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரைத் தவிர்த்தால் அதை நான் எழுதியது ஒரே இடத்தில். பையன் பேசும்போது பாதி புரிவதில்லை, அவன் சிரிக்கிற சத்தம் மாதிரி ஏதாவது வந்தால் நானும் சிரித்துவைக்கிறேன் என்று நம் சங்கத்து இணையதளத்தில், அழைத்தவர்கள் மட்டும் படிக்கிற கதவடைத்த அறையில் எழுதினேன். அந்த அறையில் பதினோரு பேர். நீ அதில் இல்லை.

அந்தத் தளத்தைப் போட்டுக் கொடுத்தவனே நீதான், மறுக்கவில்லை. காது மந்தமானவர்கள் சங்கம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, மாதக் கூட்டத்தில் இந்த மூலையில் ஒருவர் என்ன என்ன என்பதும் அந்த மூலையில் ஒருவர் என்ன என்ன என்பதுமாக நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்து, எழுதிப் பேசுங்கள் என்று சொன்னாய். பெரிய கம்பெனிக்காரர்களின் தளத்தில் சேர்ந்தால் காது மிஷின் விளம்பரம் பின்னாலேயே துரத்தும், எழுதுவதெல்லாம் அவர்கள் கைக்குப் போகும் என்று உன் பழைய கம்ப்யூட்டரையே நம் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து அதில் எங்களுக்கு மட்டும் என்று ஒரு இடம் செய்தாய். அறுபத்து நான்கு பேர் சேர்ந்தோம். முதல் பக்கத்தில், இங்கே எழுதுவதை எழுதியவரும் அவர் அழைத்தவர்களும் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான்தான் எழுதினேன். கீழே என் பெயர் இருக்கிறது.

நம் சங்கத்து லிஃப்ட் மெக்கானிக்குக் கம்ப்யூட்டர் தெரியும். வீட்டுக்கு வரச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலை எடுத்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். மாதாமாதம் அங்கிருந்தபடியே அப்டேட் போட உள்ளே வருகிறவன் நீ, தொண்டை கிழியப் பேசிய முதல் ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கதவடைத்த அறையைத் திறந்து நாற்பது நிமிஷம் இருந்திருக்கிறாய்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அம்மா பதில் ஏறுக்குமாறாக வருகிறதே என்று பயந்திருப்பாய். ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். லைன் கொடுத்து, இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் விலகிவிட வேண்டும், அதுதான் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். கேட்க முடியும் என்பதால்தான் கேட்கக் கூடாது. ஒரே ஒருமுறை நான் மீறினேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா அவருடைய அக்காவிடம் என்னைப் பற்றிப் பேசியதை முழுக்கக் கேட்டேன். நல்லதாகத்தான் சொன்னார். இருந்தும் அவர் போகிறவரைக்கும் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே நீ செய்ததன் ருசி எனக்குத் தெரியாதது இல்லை.

மூடி மறைத்திருக்கலாம். லிஃப்ட் மெக்கானிக்கும் விட்டுடுங்க, நம்ம பையன்தானே என்றார். என் பெயர் அங்கே இருக்கிறதே. நடந்ததை அறுபத்து மூன்று பேருக்கும் எழுதிவிட்டேன். நான்கு பேர் விலகிக்கொண்டார்கள். அதில் பேக்கரியில் வேலை செய்கிறவர் ஒருவர். அடுப்பு மணி அடிப்பது காதில் விழவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ரொட்டி எடுக்கிறேன் என்று அந்த அறையில்தான் எழுதியிருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னோடதையும் படிச்சானா?"

எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்கலாம்தான். நீ இல்லை என்று சொன்னாலும் அவர் நம்ப வேண்டுமே. மூன்று வருஷமாக எழுதியதை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன் மேல் கோபமாகவும் இருக்கிறது.

மற்றவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். உன் அட்மின் பொறுப்பை எடுத்துவிட்டோம், பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. இனி அப்டேட் எல்லாம் லிஃப்ட் மெக்கானிக், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன். உன்னிடம் இருக்கும் பேக்கப் காப்பியை அழித்துவிடு, அழித்தேன் என்று சங்கத்துக்கு உன் கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்பு. சாக்குப்போக்கு வேண்டாம்.

நீ என்னை நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். காதுக்கென்ன புதுசாய்க் கேடு, பழையபடிதான் இருக்கிறது என்று சாதித்திருப்பேன். அது என் தப்பு. அதனால் இதை நீ கேட்காமலே சொல்கிறேன், அந்த அறையில்கூட எழுதாதது. குழந்தை பேச ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போனை அவள் வாயருகே வைக்கிறாய், அவளும் பேசுகிறாள் போலிருக்கிறது, நான் அப்படியா கண்ணு, அப்புறம் என்னாச்சு என்கிறேன். இந்த ஏழு மாதத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதில் விழுந்ததில்லை. அவளைக் கத்திப் பேசச் சொல்லாதே, பயந்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு, திருத்தாதே.

மருமகளிடம் என் அன்பைச் சொல். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், மனத்தாங்கல் இல்லாமல் நன்றாக இருங்கள். முதல் கடிதத்திலேயே மறக்காமல் ஒன்று எழுது, குழந்தை என்னை என்னவென்று கூப்பிடுகிறாள்?

உன் நன்மையை விரும்பும்
அம்மா